அப்பா வழி வந்த பிழை

மார்ச் 4

இன்று முப்பத்தெட்டு பிளாக். பிளேடு புதுசு, ஆனாலும் எட்டாவதிலேயே சீவலில் கோடு விழ ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுக்கிற திசுவை மெழுகில் புதைத்து, பிளாக்காக இறுக வைத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்துவது. பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. யாருடைய உடம்பு என்று பார்ப்பதில்லை. எண் மட்டும்தான்.

மதியம் அக்காவுக்கு போன் போட்டேன். இன்னும் அந்த இரும்புச் சத்து மாத்திரையையே விழுங்கிக்கொண்டிருக்கிறாள். ஆறு மாதம்! ரத்தம் ஏறவே இல்லை.

"ஏறலைன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்க்கா. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கச் சொல்லு."

"எழுபது சீருடை தைக்கக் கிடக்கு. இதுல கேமராவாம் கேமரா" என்று வைத்துவிட்டாள்.

ஐம்பது வயது. தையல் கடையில் துணிக்கு அளவெடுப்பதில் அரை விரற்கடை பிசகமாட்டாள். தன் உடம்பென்றால் மட்டும் குத்துமதிப்பு.

மார்ச் 19

கடைப் படியிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். இப்போது எல்லோருக்கும் அவசரம். நான் சொன்னபோது காதில் பஞ்சு.

மார்ச் 24

கேமரா விட்டுப் பார்த்தாயிற்று. பெருங்குடலின் வலது பக்கம். அக்கா வீட்டுக்காரரிடம், மாமாவிடம் டாக்டர், "ஒரு வளர்ச்சி இருக்கு" என்றாராம். வளர்ச்சி. என் மகளின் உயரத்துக்கும் இதற்கும் ஒரே சொல்.

மார்ச் 25

திசு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்தது. படிவத்தில் அக்காவின் பெயர். எண்ணை மட்டும் பார்க்கிறவளுக்கு இன்று பெயர் மட்டும்தான் தெரிந்தது.

மெழுகம்மா — மெழுகு ஊற்றும் மேசையில் இருபத்தைந்து வருஷமாக இருப்பவர், அவர் சொந்தப் பெயரைக் கூப்பிடுகிறவர் யாருமில்லை — என் நாற்காலியின் முன் வந்து நின்றார்.

"நீ தள்ளு. சொந்தக்காரங்க பிளாக்கை நாம வெட்டக் கூடாது."

"அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"சட்டம் இல்ல. புத்தி."

கேட்டேனா? உட்கார்ந்தேன். முதல் மூன்று சீவலும் மடிந்துபோயின. நான்காவது கிழிந்தது. ஐந்தாவதைத் தொடுவதற்குள் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார். மொத்தமே அரிசி மணி அளவு திசு. அதில் நான் பாழாக்கியது எவ்வளவு? பத்தொன்பது வருஷத்தில் அடுத்தடுத்து நாலு சீவலை நான் கெடுத்ததே இல்லை. மெழுகம்மா மிச்சத்தைச் சீவி முடித்தார். நான் கழிப்பறையில் போய் நின்றேன்.

மார்ச் 27

நாங்கள் சீவிக் கொடுப்பதைப் பார்த்து நோயைச் சொல்கிற திசு டாக்டர் என்னைக் கூப்பிட்டு எதிர்ப்பக்கம் உட்காரவைத்தார். ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்க்கிற மைக்ராஸ்கோப். நானே சாயம் ஏற்றிய இளஞ்சிவப்பும் ஊதாவும்தான், ஆனால் இப்படிப் பொறுமையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நல்ல குடலில் சுரப்பிகள் வரிசையாக, கிணறு கிணறாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை. இங்கே வரிசையும் இல்லை, எல்லையும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நசுக்கி, தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது.

"எத்தனை நாளா இருந்திருக்கும் மேடம்?"

"பொதுவா குடலோட உள்சுவர்ல முளைக்கிற ஒரு சின்னப் பருவுலேர்ந்து இந்த நிலைக்கு வர பத்து வருஷம் ஆகும். சில குடும்பங்கள்ல ரெண்டு மூணு வருஷமே போதும்."

எது என் மண்டையைக் குடைகிறது என்றால், இதற்குத் தொடங்கிய நாள் என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஒரே ஒரு செல். இரண்டாகப் பிரியும்போது தன் மரபணுவின் முந்நூறு கோடி எழுத்தையும் படியெடுக்கிறது. ஒரு எழுத்து தப்பாக விழுகிறது. ஒன்றும் நடப்பதில்லை. அதன் பேரன் செல்லில் இன்னொரு எழுத்து. அப்போதும் ஒன்றும் நடப்பதில்லை. 'நிறுத்து' என்று சொல்லும் எழுத்து ஒரு தலைமுறையில் அழிகிறது. 'நீ கெட்டுவிட்டாய், செத்துப்போ' என்று சொல்லும் எழுத்து இன்னொன்றில். அதற்குள் அக்கா எத்தனை ரவிக்கை தைத்திருப்பாள், எத்தனை தடவை என்னோடு சண்டை போட்டிருப்பாள். வெளியிலிருந்து வந்த எதிரியென்றால் திட்டலாம். இது அவளே. அவள் செல்லே. யாரைத் திட்ட?

ஏப்ரல் 5

மாமா ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்.

"கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களேம்மா."

"யார் மாமா சொல்றாங்க?"

"எல்லாரும்தான்."

அந்த 'எல்லாரும்' எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவேன். கத்தி வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிற மரியாதையெல்லாம் அதற்குக் கிடையாது. தானாகவே பிய்த்துக்கொண்டு போகும். ரத்தத்தில், நிணநீரில் இறங்கும். ஆயிரக்கணக்கில் இறங்கினால் அநேகமாக எல்லாமே வழியில் செத்துப்போகும். குடலில் பிறந்த செல்லுக்குக் கல்லீரல் அந்நிய மண். அந்த மண்ணிலும் பிழைக்கத் தெரிந்த ஒன்றிரண்டு போதும், அங்கே குடித்தனம் வைக்க. ஒவ்வொரு வாரம் தள்ளிப்போடுவதும் அதற்கு இன்னொரு வாரம் பழகிப்பார்க்கக் கொடுப்பதுதான்.

இதையெல்லாம் கத்திவிட்டேன், அவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு. மாமா அழுதுவிட்டார். அவர் பயத்தில் பேசுகிறார் என்று தெரிய எனக்கு அவர் அழ வேண்டியிருந்தது.

ஏப்ரல் 10

ஆபரேஷன் முடிந்தது. கல்லீரலில் எதுவும் இல்லை.

ஏப்ரல் 16

குடலோடு எடுத்த கொழுப்பைத் துழாவித் துழாவி பதினேழு நிணநீர்க் கணு கண்டுபிடித்தார் திசு டாக்டர். மெழுகம்மா வெட்டினார். நான் வேறு மேசையில் இருந்தேன். பதினைந்து சுத்தம். இரண்டில் இருக்கிறது.

ஆறு மாத இரும்புச் சத்து மாத்திரை. அந்த ஆறு மாதத்துக்கு முன்னால் இந்த இரண்டு கணுவும் எப்படி இருந்திருக்கும்? நினைக்கக் கூடாது. நினைக்கிறேன்.

டாக்டர் இன்னொன்றும் காட்டினார். கட்டியைச் சுற்றிலும் கருநீலப் புள்ளிகள், எறும்பு மொய்த்த மாதிரி. "உடம்போட காவல் செல்கள். இவ்வளவு கூட்டமா நிக்கிறது நல்ல அறிகுறி. ஆனா ஏன் இவ்வளவு கூட்டம்னு பாக்கணும். இன்னொரு சாயம் போடலாம்."

ஏப்ரல் 22

நான்கு சாயம் போட்டோம். படியெடுக்கும்போது விழுகிற பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே நான்கு புரதங்கள் உண்டு. இருந்தால் செல்லின் நடுவில் பழுப்பு நிறம் ஏறும். முதல் இரண்டு ஸ்லைடிலும் பழுப்பு. மூன்றாவதிலும் நான்காவதிலும் அக்காவின் நல்ல செல்லெல்லாம் பழுப்பாக இருக்க, புற்றுச் செல் மட்டும் வெறும் நீலமாக, விளக்கணைத்த வீடு மாதிரி.

திருத்துகிற ஆளே இல்லை. அதனால்தான் பிழை ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கிறது. அத்தனை பிழையால் அந்த செல்லே உடம்புக்கு அந்நியமாகத் தெரிந்து, காவல் செல்கள் மொய்த்திருக்கின்றன.

"இது பிறவியிலேயே வந்ததா இருக்கலாம். அக்காவுக்கு ரத்தத்துல ஜீன் டெஸ்ட் பண்ணுங்க" என்றார். பிறகு ஸ்லைடைத் தட்டில் வைத்துவிட்டு, "உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?" என்றார்.

மே 15

பிறவியிலேயே வந்ததுதான்.

அப்பா நாற்பத்துநாலு வயதில் போனார். 'குடல் புண்' என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, கர்ப்பப்பையில் வந்து நாற்பத்தெட்டில். அதை யாரும் சத்தமாகச் சொன்னதுகூட இல்லை. இரண்டு சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. எனக்கே தோன்றவில்லையே! தினம் தினம் இதையே சீவித் தள்ளுகிறவளுக்கு.

பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வர பாதி வாய்ப்பு. நாணயம் சுண்டுகிற மாதிரி. டாக்டர் எனக்கும் தம்பிக்கும் இரண்டு படிவம் கொடுத்தார். ரத்தத்தில் பிழை இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை கேமரா. பருவாக இருக்கும்போதே கிள்ளி எடுத்துவிடலாம். இவ்வளவுதான் விஷயம்.

மே 18

இவ்வளவுதான் விஷயம் என்று நான் எழுதியதைத் தம்பியிடம் காட்ட வேண்டும்.

முப்பத்தெட்டு வயது. லிஃப்ட் மெக்கானிக். படிவத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அது துவைக்கப் போகும் என்று.

"மூணு பேர்ல ஒருத்தருக்கு வந்தாச்சு சின்னக்கா. கணக்கு முடிஞ்சுது."

"டேய், இது பங்கு பிரிக்கிற சமாசாரம் இல்லடா. ஆளுக்கு ஒரு நாணயம், தனித்தனியா சுண்டறது. அவளுக்கு விழுந்ததுக்கும் உனக்கு விழறதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப எனக்கு விழலேன்னே வச்சுக்கோ."

"பாத்தாத்தானே தெரியும்?"

"நல்லா ஓடிக்கிட்டிருக்கிற லிஃப்டை நோண்டக் கூடாது. நோண்டினாத்தான் நிக்கும். என் அனுபவம்."

எழுந்து வந்துவிட்டேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் பதில் வருகிறது: அடேய், ஓடிக்கிட்டிருக்கிற லிஃப்டை மாசா மாசம் திறந்து பாக்கறதுக்குத்தானே உன்னை வேலைக்கு வச்சிருக்கான்! எனக்கு எப்போதும் இப்படித்தான். பதில் படியில்தான் வரும்.

மே 29

அக்காவுக்கு மருந்து ஏற்றுகிற இரண்டாவது சுற்று. வாந்திகூட இல்லை, ஆனால் குளிர்ச்சியாக எதைத் தொட்டாலும் விரலில் மின்சாரம் பாய்கிறதாம். கத்தரிக்கோலை எடுக்க முடியவில்லை. இரும்பு சில்லென்று இருக்கும். பிடியில் துணி சுற்றிப் பார்த்திருக்கிறாள், கையுறை போட்டுப் பார்த்திருக்கிறாள். கடைசியில் கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், நான் போகும்போது.

"நான் என்னடி தப்புப் பண்ணேன்? வெத்தலை உண்டா, சிகரெட் உண்டா? நேரத்துக்குச் சாப்பிட்டேன், நேரத்துக்குத் தூங்கினேன்."

நான் உடனே ஆரம்பித்தேன். நீ ஒரு தப்பும் பண்ணலைக்கா, உன் ஒவ்வொரு செல்லுலயும் இந்த ஜீன் ரெண்டு படி இருக்கு, அப்பாகிட்டேயிருந்து வந்த படி பிறக்கும்போதே கெட்டது, நல்லா இருந்த இன்னொரு படியும் குடல்ல ஒரு செல்லுல கெட்டுப்போச்சு, அந்த ஒரு செல்லுலதான் —

"போதும்."

"இல்லக்கா, புரிஞ்சுக்கிட்டா —"

"எனக்குப் பாடம் எடுக்காத. வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். கையைப் பிடிக்கக்கூட முடியாது. என் கை சில்லிட்டிருந்தது.

ஜூன் 9

தம்பிக்கு இன்றோடு பதினோரு போன். எடுக்கவில்லை. அவன் மனைவி எடுத்து, "அவர் லிஃப்ட் குழிக்குள்ள இருக்காரு அண்ணி, சிக்னல் இல்ல" என்றாள். காலை எட்டு மணிக்கும் குழி, மாலை ஏழு மணிக்கும் குழி. அங்கேயே குடியிருக்கிறான் போல.

ஜூன் 14

இன்று வீட்டில் நான் தம்பியைப் பற்றிப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை சொல்றது, சின்னப் பிள்ளையா, பொறுப்பு வேண்டாமா. என் வீட்டுக்காரர், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நீ எப்ப பண்ணிக்கிட்ட?"

"என்னது?"

"டெஸ்ட்."

கைப்பையில் இருக்கிறது. என் படிவம். ஒரு மாதமாக. மூக்குக்கண்ணாடி உறைக்கும் குடைக்கும் நடுவில். தினம் ரத்தம் எடுக்கிற அறையைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகிறேன். நாற்பது அடி தூரம் கிடையாது.

வேலை இருந்தது. அக்காவைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. முதலில் தம்பி முடிக்கட்டும் என்று — பொய். எல்லாம் பொய். எனக்கு இருந்தால், என் மகளுக்கும் ஒரு நாணயம் சுண்டியாகிவிட்டது என்று அர்த்தம். பதினாலு வயது. பெரியவளாகும்வரை அவளுக்குப் பார்க்கக்கூட மாட்டார்கள். அதுவரை அது காற்றிலேயே சுழன்றுகொண்டிருக்கும், நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூன் 16

கொடுத்துவிட்டேன். இரண்டு குழாய். நாற்பது அடிகூட இல்லை, பதினைந்து எட்டுதான்.

ஜூலை 11

இருக்கிறது.

அக்காவுக்கு எந்த எழுத்தோ அதே எழுத்து, அதே இடம். திசு டாக்டர் காகிதத்தை நீட்டியபோது நான் முதலில் எண் சரியா என்றுதான் பார்த்தேன். சரிதான்.

மெழுகம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, தெரிஞ்சுபோச்சுல்ல. இனிமே அதுக்கு ஒளிய இடமில்ல" என்றார். அப்புறம் என் பங்கு பிளாக்கில் பாதியை அவர் மேசைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மகள் பள்ளியிலிருந்து வந்து, பையைத் தூக்கிப் போட்டு, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். காலைக் கீழ போடு என்று அதட்டினேன். தேவையே இல்லாமல்.

ஜூலை 13

தம்பி வேலை பார்க்கிற கட்டடத்துக்கே போய்விட்டேன். ஆறு மாடி அலுவலகம். 'பழுது' என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்து, இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தான். குழி என்பது நிஜம்தான்.

என்னைப் பார்த்ததும் முகம் சுண்டியது. "சின்னக்கா, இங்க வந்தும் ஆரம்பிக்காத."

ஆரம்பிக்கத்தான் போனேன். லிஃப்ட் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன், எட்டு வாரமாகப் பட்டை தீட்டி. வாயைத் திறந்தால், "எனக்கு இருக்குடா" என்று வந்தது. அந்த வராண்டாவில், போகிற வருகிற அத்தனை பேருக்கும் முன்னால், வாளிமேல் உட்கார்ந்து அழுதேன்.

குழியிலிருந்து ஏறி வந்தான். கை முழுக்க கிரீஸ். துடைக்கத் துணி தேடி, கிடைக்காமல், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் குந்தினான்.

"உனக்குப் பயமா இருக்கா?"

"பயமா இல்லாம?"

"நீ அப்படிப் பேசவே இல்லையே. ஜீன், புரதம், ஐம்பது சதவீதம்னு வாத்தியார் மாதிரியே பேசின. உனக்குப் பயமே இல்ல, எனக்குத்தான் ஆம்பளைன்னும் பாக்காம பயம் புடிச்சு ஆட்டுதுன்னு நெனச்சேன்."

கிரீஸ் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்பா கடைசி மாசம் எனக்கு அஞ்சு வயசு. கட்டில் பக்கத்துல என்னை விடமாட்டாங்க. அந்த வாடை மட்டும் ஞாபகம் இருக்கு. படிவத்தப் பாத்தாலே அந்த வாடை வருது."

இது எனக்குத் தெரியாது. முப்பத்து மூன்று வருஷமாக ஒரே குடும்பத்தில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது.

ஜூலை 20

தம்பியே கூப்பிட்டான். ரத்த டெஸ்ட் பண்ணிக்கொள்ள மாட்டானாம். காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்கிற தைரியம் இல்லையாம். "கேமரா மட்டும் விட்டுப் பாக்கட்டும். இருந்தா எடுக்கட்டும். அதுக்குப் பேர் வேணாம்."

முட்டாள்தனம். டெஸ்டில் இல்லை என்று வந்தால் கேமராவே தேவைப்படாதே, தேவையில்லாமல் வருஷா வருஷம் அவஸ்தைப்படுவாயே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி" என்றேன். இந்த ஒரு 'சரி'க்கு நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்.

எனக்கும் அவனுக்கும் ஒரே நாள் வாங்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8

நாளை காலை. இன்று முழுக்கப் பட்டினி. மாலை நாலு மணியிலிருந்து குடலைக் கழுவுகிற தண்ணீர்: உப்பு, எலுமிச்சை என்று எழுதியிருக்கிறது, எலுமிச்சை அந்தப் பக்கமே போயிருக்காது. கால்மணிக்கு ஒரு டம்ளர். அவன் அவன் வீட்டில், நான் என் வீட்டில். அக்கா இரண்டு பேரையும் ஒரே போனில் இழுத்துப் போட்டுக்கொண்டு அதிகாரம் பண்ணினாள். அவளுக்கு ஆறாவது சுற்று முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. குரல் மட்டும் பழைய கடைக் குரல்.

"எத்தனாவதுடா?"

"அஞ்சு."

"பொய் சொல்லாத. மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கு. நீ என்னடி சத்தமே காணோம்?"

"அக்கா, நான் இப்ப பேசற எடத்துல இல்ல."

"நானும்தான்" என்றான் தம்பி, எங்கிருந்தோ எதிரொலியோடு.

மூவரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று. அதிகம் சிரிக்கவும் முடியாது, இந்த நிலைமையில்.

ஆகஸ்ட் 9

எனக்கு ஒன்றும் இல்லை.

தம்பிக்கு இரண்டு. ஒன்று மிளகளவு, இன்னொன்று அதைவிடப் பெரிசு, வலது பக்கம். அங்கேயே எடுத்துவிட்டார்கள். இன்னும் பருதான், ஆனால் பெரியதன் மேல்புறம் அவருக்குப் பிடிக்கவில்லை என்றார் கேமரா டாக்டர். "ரெண்டு வருஷம் விட்டிருந்தா நாம வேற விஷயம் பேசிட்டிருப்போம்" என்றார் அவனிடம். தம்பி தலையை மட்டும் ஆட்டினான். மயக்கம் முழுதாகத் தெளியாத முகம். நான் சொல்ல இருந்ததை அவரே சொல்லிவிட்டார்.

வெளியே வரும்போது முன்பதிவு மேசையில் நின்றான். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். அங்கிருந்த பெண் அடுத்த வருஷ நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆகஸ்ட் மாசமே போடட்டுமா சார்?"

"போடுங்க" என்றான். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல கிடைக்குமாங்க?"